அவசரத்துக்கு ரெண்டு

உக்காருங்கன்னு சொல்லத்தான் சார் ஆசை. ஆனா இந்த சீட்டுக்கு ஆள் வருது. விக்கிரவாண்டியில ஏறுவான். பேரு கொளஞ்சி, எங்க சர்க்கரை ஆலையில எடைமேடை கிளார்க்கு. அவனுக்குன்னு டிக்கெட்டே எடுத்துட்டேன், வேணும்னா கண்டக்டரைக் கேட்டுப் பாருங்க. வெறுமனே பையைப் போட்டு எடம் புடிக்கிற ஆளு நான் இல்ல. நீங்க இந்தக் கம்பியைப் புடிச்சிக்கிட்டு இப்படி ஓரமா நின்னுக்குங்க, பேசிக்கிட்டே போவலாம். விழுப்புரத்துல ஏறுனவங்க எல்லாருமே நின்னுக்கிட்டுத்தானே வர்றாங்க, நீங்க ஒருத்தர்தானா.

என் பேரு பழமலைநாதன். அந்த ஆலையில கம்ப்யூட்டர் பொறுப்பு. இப்ப மெட்ராஸ்ல தலைமை ஆபீசுக்குப் போறேன். விசாரணை. யார் மேலன்னு கேக்குறீங்களா, என் மேலதான். சொன்னா சிரிப்பீங்க, நல்லது பண்ணுனதுக்கு விசாரணை வைக்கிற ஒரே ஆலை எங்க ஆலையாத்தான் இருக்கும்.

என் மேல தப்புன்னு முடிவாச்சுன்னு வச்சிக்குங்க, சர்வர் ரூமு சாவியை வாங்கிக்கிட்டு என்னை மொலாசஸ் தொட்டிப் பக்கம் போட்டுருவாங்க. ஆர்டர் தயாரா இருக்குதுன்னு கேள்வி. மொலாசஸ்னா சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சுற பாகு, கருப்பா, கெட்டியா, புளிச்ச வாடையோட இருக்கும். அங்க வேலை பாக்குற ஆளுங்களை வீட்டுல வாசலோடயே நிறுத்தி, குளிச்சிட்டு உள்ள வான்னுதான் சொல்லுவாங்க. நான் இத்தன வருசமா ஏசியில இருந்தவன் சார். ஆலை முழுக்க வேர்த்து ஊத்தும், நான் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்த ரூமைவிட்டுப் போவ எனக்கு மனசில்ல. அதான் உண்மை.

இல்லம்மா, ஆள் வருது. என்னது, பலாப்பழமா? பழமா இருந்தாலும் அதே பதில்தாம்மா. டிக்கெட் எடுத்த சீட்டு. கீழ வச்சிக்க. சார், ஒங்க கால் பக்கம் கொஞ்சம் எடம் குடுங்க பாவம், பண்ருட்டியிலேர்ந்து தூக்கிட்டு வருது.

எங்க விட்டேன்? ஆங், சர்வர். போன வருசம் எங்களுக்குப் புது சர்வர் வந்துச்சி. பாக்க ஒரு பீரோ மாதிரி இருக்கும். உள்ள பதினாறு புராசஸர். புராசஸர்னா வேலை செய்யிற ஆளுன்னு வச்சிக்குங்களேன். பதினாறு ஆளு, ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ளயே தடுப்புப் போட்டு, ஆபீசுக்கு ஒண்ணு, எடைமேடைக்கு ஒண்ணு, லேபுக்கு ஒண்ணுன்னு தனித்தனி கம்ப்யூட்டரா ஆக்கிடலாம். நெசமாத் தடுப்பு கெடயாது, எல்லாம் கணக்குலதான். பார்ட்டிஷன்னு சொல்லுவாங்க. எந்தப் பார்ட்டிஷனுக்கு எத்தன ஆளுன்னு பிரிச்சிக் குடுக்கணும். அது என் வேலை.

அதுல ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, பதினாறு பேரையும் பொதுவுல விட்டுடறது. எவனுக்கு வேலை இருக்குதோ அவன் எடுத்துக்குவான், முடிஞ்சதும் தானா திரும்பிடும். இன்னொண்ணு, இந்த நாலு பேரு ஒனக்கு, இந்த மூணு பேரு ஒனக்குன்னு சொந்தமா எழுதிக் குடுத்துடறது. அவங்க சும்மா உக்காந்திருந்தாலும் அடுத்தவன் தொட முடியாது. சர்வர் வித்த கம்பெனியிலேர்ந்து நஸ்ரின்னு ஒரு மேடம் வந்திருந்தாங்க, கெட்டிக்காரங்க. அவங்க பொதுவுல விடுங்க சார், எடைமேடைக்கு மட்டும் முன்னுரிமை குடுத்துருங்கன்னாங்க. ரெண்டு நிமிசத்துல ஆயிடும்னாங்க.

நான் சிரிச்சேன். மேடம், எங்க ஆலையைப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதுன்னேன். எங்க ஆலையில ஒருக்கா பொதுக்குடைன்னு ஒண்ணு வாங்கி வாசல்ல மாட்டுனாங்க. ஒரு மழைக்குத் தாங்கல. மழையில நனைஞ்சி போச்சுன்னு நெனைக்காதீங்க, மழை வர்றதுக்கு முன்னாடியே காணாமப் போச்சு. பொதுன்னு சொன்னா பொறுப்பு இல்லாமப் போயிடும் சார். அந்த மேடம் காபியைக் குடிச்சிட்டுக் கெளம்பிட்டாங்க.

சரி, சொந்தமா எழுதிக் குடுக்கலாம்னு முடிவு பண்ணியாச்சு. யாருக்கு எத்தன? இதுலதான் சார் என் மூளை வேலை செஞ்சிச்சு. எங்க ஆலையில வருசா வருசம் அரவை ஆரம்பிக்கிறப்ப பெரிய பூஜை போடுவோம். மொதக் கரும்புக் கட்டை மிஷின்ல போடுறதுக்கு முன்னாடி, பெரியவங்களுக்கு வரிசையா மாலை மரியாதை. மொதல்ல ஜி.எம். அப்புறம் அக்கவுண்ட்ஸ். அப்புறம் லேப். அப்புறம் கரும்பு ஆபீஸ். ஒரு வருசம் தெரியாத்தனமா லேப் மேடத்துக்கு முந்தி கரும்பு ஆபீசருக்கு மாலை போட்டுட்டாங்க. மேடம் ஒரு வாரம் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடல, சர்க்கரை மூட்டையெல்லாம் குடோனைவிட்டு நகரல. அப்படிச் சண்டை போட்டுச் சண்டை போட்டுத் தேஞ்சி நின்ன வரிசை சார் அது. அதை விட்டுட்டு நான் புதுசா ஒரு வரிசை கண்டுபுடிச்சா உருப்படுமா?

அந்த வரிசைப்படியே குடுத்தேன். ஜி.எம்.முக்கு நாலு. அக்கவுண்ட்ஸ் ஸ்ரீவத்சன் சாருக்கு நாலு. லேப் மங்கையர்க்கரசி மேடத்துக்கு மூணு. கரும்பு ஆபீசுக்கு ரெண்டு. ஒருத்தரும் வாயைத் தொறக்கல. எங்க ஆலையில ஒரு மீட்டிங் சத்தமில்லாம முடிஞ்சது அன்னிக்குத்தான்.

எடைமேடையா? அது மாலை வரிசையில இல்லையே சார். மாலைத் தட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதே கொளஞ்சிதான். அவனுக்கு எப்படி மாலை போடுறது? இருந்தாலும் மனசு கேக்காம ஒண்ணு குடுத்தேன். மிச்சம் ரெண்டு இருந்துச்சி. அந்த ரெண்டையும் எவனுக்கும் குடுக்கல. 'அவசரம்'னு தனியா ஒரு பார்ட்டிஷன் போட்டு, அதுல வச்சிப் பூட்டிட்டேன். கொளஞ்சியைக் கூப்புட்டுத் தோள்ல கை போட்டுச் சொன்னேன், கொளஞ்சி, இது ரெண்டும் ஒனக்குத்தான், எடைமேடைக்கு ஒரு ஆத்திர அவசரம்னா நான் இருக்கேன்னு. அவன் கண்ணு கலங்கிடுச்சு சார். கரும்புத் தூசியாவும் இருக்கலாம், ஆனா கலங்குச்சு.

விக்கிரவாண்டி வந்துடுச்சு போல. இருங்க, எட்டிப் பாக்குறேன். அந்தச் சட்டை... இல்ல, அது வேற ஆளு. முன்வாசல்ல ஒரு ஆளும் ஏறல. பின்னாடிதான் கூட்டமா நெட்டித் தள்ளிக்கிட்டு ஏறுறாங்க. இந்த பஸ்சுலதான் வர்றேன்னு அவன்கிட்ட தெளிவாச் சொன்னேன். சரி, திண்டிவனத்துக்கு வந்து ஏறுவானாயிருக்கும், அங்க அவன் தங்கச்சி வீடு இருக்குது.

போனு அடிக்குதா? ஆமா, என் போனுதான். பைக்குள்ள இருக்குது. அடிச்சிட்டுப் போவட்டும் சார். போனை எடுக்கணும்னா பையைத் தூக்கணும், பையைத் தூக்குனா அந்த நேரத்துல எவனாவது பொத்துனு உக்காந்துடுவான். ஒங்களைச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்.

அப்புறம் என்னாச்சுன்னா, ஜி.எம்.முக்கு இந்தப் புராசஸரு மேல ஒரு பாசம் வந்துடுச்சு. மீட்டிங் ஹால்ல பெரிய டிவி ஒண்ணு மாட்டி, யாரோட புராசஸரு எவ்வளவு ஓடுதுன்னு பச்சைக் கோடா காட்டச் சொன்னாரு. நானும் காட்டுனேன். பாத்தா, எடைமேடைக் கோடு உச்சியில நிக்குது, ஜி.எம். கோடு தரையில படுத்துக் கெடக்குது. அவரு காலையில ஒரு ரிப்போர்ட்டைத் தொறப்பாரு, சாயந்திரம் மூடுவாரு, அதுக்கு மேல ஓடுறதுக்கு அந்த நாலுக்கும் என்ன இருக்குது? ரொம்ப நேரம் பாத்தாரு. ஹால்ல எல்லாரும் இருக்காங்க. மெதுவாக் கேட்டாரு.

"பழமலை, எனக்கு வேலையே இல்லன்னு காட்டுதா இது?"

நீங்களா இருந்தா என்ன சார் சொல்லியிருப்பீங்க? ஆமா சார்னு சொல்ல முடியுமா? புதுசு சார், இன்னும் சூடாகலன்னு சொல்லிட்டு ரூமுக்கு ஓடிவந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதுனேன். ஒண்ணுலேர்ந்து கோடி வரைக்கும் எண்ணும். முடிச்சதும் திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணும். ஜி.எம். பார்ட்டிஷன்ல போட்டுவிட்டேன். கோடு சொய்ங்குனு மேல ஏறிடுச்சு. மறுநாள் காலையில ஜி.எம். டிவியைப் பாத்துட்டு, உழைப்பு எங்க போவும்னு சொல்லிட்டுப் போனாரு சார். எனக்கே பெருமையா இருந்துச்சு.

விசயம் கசிஞ்சிடுச்சு. ஸ்ரீவத்சன் சார் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திட்டு, ஏசி நல்லாருக்கே, சேர் நல்லாருக்கேன்னு எதெதையோ பேசுனாரு. கெளம்புறப்ப, அக்கவுண்ட்ஸ்லயும் ராப்பகலா உழைக்கிறோம் பழமலை, டிவியில தெரியமாட்டேங்குதுன்னாரு. அவருக்கும் போட்டுவிட்டேன். கரும்பு ஆபீசுல போன்லயே கேட்டுட்டாங்க. மங்கையர்க்கரசி மேடம்தான் கறாரு. நூத்துக்கு நூறுன்னா ஒருத்தனும் நம்பமாட்டான், லேப்புன்னா ஒரு துல்லியம் வேணும், எனக்குத் தொண்ணூத்தேழு புள்ளி மூணு வைங்கன்னாங்க. அந்தப் புள்ளி மூணைக் கொண்டுவர்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனா கொண்டுவந்தேன். அது ஒரு சாதனை சார், விசாரணையில சொல்லலாமான்னு யோசிச்சிக்கிட்டிருக்கேன்.

ஆக, பதிமூணு புராசஸரு ராவும் பகலும் எண்ணிக்கிட்டிருக்குது. மெஷினு அனலாக் கொதிக்குது, ஏசியை இன்னும் கூட்டி வச்சேன், நான் ஸ்வெட்டருக்கு மேல மப்ளர் கட்டிக்கிட்டேன். ஆலையில எல்லாருக்கும் சந்தோசம்.

பொங்கல் முடிஞ்சிதுன்னா எங்களுக்கு உச்ச சீசன். டிராக்டரு, லாரி, மாட்டு வண்டின்னு கரும்பு வந்து குமியும். ஒவ்வொரு வண்டியும் எடைமேடையில ஏறணும், கொளஞ்சி அந்த விவசாயி பேரைத் தட்டி, கரும்பு வெட்ட ஆலை குடுத்த உத்தரவைச் சரிபாத்து, எடையைப் போட்டுச் சீட்டுக் குடுக்கணும். ஒத்தப் புராசஸரு. பேரைத் தட்டிட்டு அவன் டீ குடிச்சிட்டு வந்தாலும் திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். வண்டிங்க கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து நின்னுடுச்சி. இதுல கொடுமை என்னன்னா, வெளிய கரும்பு காஞ்சி கெடக்குது, உள்ள கரும்பு இல்லாம மில்லு வெறும் மில்லாச் சுத்துது.

கொளஞ்சி போன் பண்ணுனான். சார், அந்த ரெண்டைக் குடுங்க சார்னான். எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க, சீசன் ஆரம்பத்துலயே அவசரத்தை எடுத்துச் செலவு பண்ணிட்டா, நாளைக்கு நெசமாவே ஒரு அவசரம் வந்தா எங்க போறது? வரிசை எதுவரைக்கும் நிக்குதுன்னு கேட்டேன். மதகு வரைக்கும்னான். மதகைத் தாண்டட்டும் கொளஞ்சி, பாத்துக்கலாம்னேன்.

மதகைத் தாண்டுச்சி. ரயில்வே கேட்டைத் தாண்டட்டும்னேன். வரிசையில நின்ன வண்டிக்காரங்க அடுப்பு மூட்டிச் சமைக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஓரமா ஒரு டீக்கடை வந்துச்சி, அதுக்குப் பக்கத்துல முடிவெட்டுற கடை வந்துச்சி, ஊருல இருக்குற ஆடெல்லாம் வரிசைக்குக் குடிவந்து கரும்புத் தோகையைத் தின்னே கொழுத்துடுச்சிங்க. ஒரு கல்யாண வேன் உள்ள மாட்டிக்கிட்டு, மாப்பிள்ளையை டிராக்டரு டிராக்டரா ஏத்தி எறக்கி முகூர்த்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்தாங்க. ரயில்வே கேட்டையும் தாண்டிடுச்சு. கொளஞ்சி மறுபடியும் போன் பண்ணுனான். சார், வாலு அடுத்த ஊரு எல்லைக்குள்ள போயிடுச்சு சார்னான். அப்ப அது அடுத்த ஊரு அவசரம் கொளஞ்சின்னேன். சட்டப்படி அப்படித்தானே சார்?

திண்டிவனமா? அதுக்குள்ளயா? எங்க, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறானா பாருங்க, நீங்க நிக்கிறதால ஒங்களுக்கு நல்லாத் தெரியும். ஒல்லியா, மீசை வச்சிக்கிட்டு, தோள்ல மஞ்சப்பை. இல்லையா. மேல்மருவத்தூர்ல ஏறுவானாயிருக்கும். வேண்டுதல் ஏதாவது இருக்கும், நல்ல காரியத்துக்குப் போறப்ப அவன் சாமி கும்புடாமப் போவமாட்டான். மறுபடியும் போனு. அடிக்கட்டும், அடிக்கட்டும். அந்தப் பலாப்பழத்தைக் கொஞ்சம் நகத்திக்குங்க சார், ஒங்க கால் மேலயே உக்காந்திருக்குது.

அமிர்தவல்லின்னு ஒரு அம்மா சார், ரெண்டு ஏக்கர் கரும்பு. வண்டியோட வரிசையில நின்னு நின்னு, கரும்பு காஞ்சி எடை எறங்குறதைப் பாத்துக்கிட்டே கெடந்துச்சு. தெனம் குடத்துல தண்ணி கொண்டாந்து கரும்பு மேல தெளிச்சிக்கிட்டிருந்துச்சுன்னு கொளஞ்சி சொன்னான். ஒருநாள் நேரா சர்வர் ரூமுக்கே வந்துடுச்சு. கண்ணாடி வழியா என்னைப் பாத்துச்சு. ஸ்வெட்டரைப் பாத்துச்சு, மப்ளரைப் பாத்துச்சு. அவசரத்துக்குன்னு ரெண்டு வச்சிருக்கியாமே, அதை எடுத்து ஒன் தலையில வச்சிக்கன்னுச்சு. எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. நான் யாருக்காக வச்சிருக்கேன், அந்த மாதிரி ஜனங்களுக்காகத்தானே? அது புரியல பாருங்க அதுக்கு. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல.

அப்புறம் வழக்கம்போல முற்றுகை. விவசாயிங்க எல்லாம் ஜி.எம். ரூமைச் சுத்தி உக்காந்துட்டாங்க. ஜி.எம். ஜன்னல் வழியா என்னைக் கூப்புட்டு, எதையாவது பண்ணுய்யான்னாரு. என் அவசரத்தை எடுக்கணும்னா ஜி.எம். கையெழுத்து வேணும்னு நானே ஒரு விதி போட்டு வச்சிருந்தேன். தாளை ஜன்னல் வழியா நீட்டுனேன், ஒரு விவசாயி அதை வாங்கி மூஞ்சி வேர்வையைத் தொடச்சிக் கீழ போட்டுட்டாரு. வேற வழியில்லாம நஸ்ரின் மேடத்துக்குப் போன் போட்டேன். அவங்க மெட்ராஸ்லேர்ந்தே எங்க சர்வருக்குள்ள வந்து பாத்தாங்க.

"சார், எடைமேடை திணறுது, சரி. மத்த பதிமூணும் இவ்வளவு வேலை செய்யுதே, அதெல்லாம் என்ன பண்ணுது?"

"எண்ணுது மேடம்."

"எதை?"

"ஒண்ணுலேர்ந்து, மேடம்."

அப்புறம், 'அவசரம்'னு ஒரு பார்ட்டிஷன் இருக்குதே, அதுல ஒண்ணுமே ஓடலையேன்னாங்க. அது எடைமேடைக்கு வச்சிருக்கேன் மேடம்னு சொன்னேன். எடைமேடைதானே சார் நின்னு போயிருக்குன்னாங்க. ஆமா மேடம், அதுக்குத்தான் வச்சிருக்கேன்னேன். லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன் சார். கட்டாகல. மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு.

அவங்க என்ன பண்ணுனாங்கன்னா, எண்ணுற புரோகிராமையெல்லாம் நிறுத்திட்டு, பதினாறையும் அள்ளிப் பொதுவுல போட்டுட்டாங்க. எடைமேடைக்கு முன்னுரிமை. என் ரெண்டையும் சேத்துத்தான். எனக்கு மனசே ஆறல. ஆனா வரிசை நகந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. கொளஞ்சி பேரைத் தட்டுறான், சீட்டு வந்து விழுது. மறுநாளு டீக்கடைக்காரன் பெஞ்சை மடக்கிட்டான், ஆடுங்க பழையபடி எளைக்க ஆரம்பிச்சிடுச்சி. அந்த அமிர்தவல்லியம்மா சீட்டை வாங்கிக்கிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிடுச்சு.

வேலை யாருக்காவது நின்னுச்சான்னா, நிக்கல. ஜி.எம். ரிப்போர்ட்டு தொறந்துச்சு, மூடுச்சு. ஆனா டிவியில பேரெல்லாம் போயிடுச்சு சார். ஒரே ஒரு கோடு. எல்லாருக்கும் சேத்து ஒரு கோடு. ஸ்ரீவத்சன் சார் என்னைப் பாத்தா மூஞ்சைத் திருப்பிக்கிறாரு. லேப் மேடம், புள்ளி மூணு எங்க போச்சுன்னு ஆள் விட்டுக் கேட்டாங்க. ஜி.எம். எனக்கு மெமோ குடுத்துட்டாரு. வரிசையை நிக்கவிட்டது ஒரு குத்தம், அவரோட நாலையும் அவரைக் கேக்காம எடுத்தது ரெண்டாவது குத்தம். ரெண்டாவதுதான் பெரிய எழுத்துல இருக்குது.

விசாரணையில நான் சொல்லப் போறது ஒண்ணே ஒண்ணுதான். ஆலையில அத்தன பேரும் தனக்குன்னு புடுங்கி வச்சிக்கிட்டப்ப, நான் ஒருத்தன்தான் எனக்குன்னு ஒண்ணுகூட எடுக்காம, அடுத்தவனுக்காக எடம் புடிச்சி வச்சேன். கடைசி வரைக்கும் அதைத் தொடலையே சார். புத்தம் புதுசா அப்படியே இருந்துச்சு. அதைச் சொல்றதுக்குச் சாட்சி வேணும். அதுக்குத்தான் கொளஞ்சி. ஒன் வாயால சொன்னாப் போதும் கொளஞ்சின்னேன், வர்றேன் சார்னான். ரொம்ப தூரம் வர்றவன், நின்னுக்கிட்டு வரக் கூடாதேன்னுதான் சார் இந்த சீட்டு. நன்றின்னு ஒண்ணு இருக்குதில்ல.

மேல்மருவத்தூர் எப்பவோ போயிடுச்சா? பேச்சு சுவாரசியத்துல நான் பாக்கவே இல்ல. செங்கல்பட்டும் போயிடுச்சா? அடப்பாவி. ஏமாத்திட்டானா? கடைசி நேரத்துல ஜி.எம். பக்கம் சாஞ்சிட்டானா? சாட்சி இல்லன்னா என் கதி என்ன சார்? மொலாசஸ்தான்.

இப்பவும் அடிக்குது பாருங்க போனு. என்ன சார்? பின்னாடி எதுக்குக் காட்டுறீங்க? அந்த ஆளா? போனைக் காதுல வச்சிக்கிட்டு... கடைசி சீட்டுக் கம்பியைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறானே... மஞ்சப்பை. கொளஞ்சி. யோவ் கொளஞ்சி. வழி விடுங்கப்பா, வரட்டும். எப்பய்யா ஏறுன?

"விக்கிரவாண்டியில சார். பின்வாசல்ல. அப்பலேர்ந்து ஒங்களுக்குப் போன் போடுறேன், எடுக்கல. முன்னாடி ஒரு சீட்டு காலியாத் தெரிஞ்சிது. கண்டக்டர்கிட்ட கேட்டேன், அதுக்கு ஆள் வருதுன்னாரு. சரின்னு நின்னுக்கிட்டேன்."

அந்த ஆளே நீதான்யா.

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

கேட்டீங்களா சார் நியாயத்தை. காலு வீங்கிப் போயிருக்குது அவனுக்கு. இப்ப உக்காருன்னு சொல்லலாம், ஆனா கிளாம்பாக்கம் வந்தே போச்சு, உக்காந்ததும் எந்திரிக்கணும். எதுக்கு வீண் சிரமம். கொளஞ்சி, அதை விடு. உள்ள கூப்புட்டுக் கேட்டா என்ன சொல்லுவன்னு இந்த சார் முன்னாடி ஒருக்காச் சொல்லு, நான் கேட்டுக்கிறேன்.

"நடந்ததைத்தான் சார் சொல்லுவேன். எனக்குன்னுதான் வச்சிருந்தாரு. கடைசி வரைக்கும் எனக்குன்னேதான் வச்சிருந்தாரு."

பாத்தீங்களா? இதைவிட என்ன சார் சாட்சி வேணும்? வயித்துல பாலை வாத்தான். இனிமே மொலாசஸாவது ஒண்ணாவது.

பஸ் நின்னுடுச்சு, எறங்கிடுவோம். பையை எடுத்துக்கிறேன். இந்தாம்மா, ஒன் பழம். சார், நீங்க என்ன காலை இப்படி நொண்டுறீங்க? விழுப்புரத்துலேர்ந்து நின்னுக்கிட்டா வந்தீங்க? சீட்டு சும்மாத்தானே சார் இருந்துச்சு. ஒரு வார்த்தை அவசரம்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே.